கார் இல்லாமல் டென்வரும் போல்டரும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு பஸ் வழிகாட்டி

கொலராடோவில் வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, "கார் எப்போது வாங்கலாம்?" என்று. முதலில் பஸ் ஏறுங்கள், காரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன். மாணவர்களுக்கு இதில் மிச்சமாவது பணம். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் பெற்றோருக்குக் கிடைப்பது அதைவிடப் பெரியது. மகன் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின், காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆள் நடமாட்டமில்லாத தெருவையே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இங்கே நிறையப் பேர். என் அம்மாவும் முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தார். இப்போது செவ்வாயும் வியாழனும் தானே பஸ் பிடித்து போல்டர் நூலகத்துக்குப் போய்வருகிறார். அவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில் இதை எழுதுகிறேன்.

யார் நடத்துகிறார்கள், எதுவரை போகலாம்

இந்தப் பகுதியின் பஸ்களையும் ரயில்களையும் நடத்துவது ஆர்.டி.டி. எனப்படும் வட்டாரப் போக்குவரத்து அமைப்பு. 1969-இல் மாநிலச் சட்டமன்றம் இதை உருவாக்கியது. டென்வர், போல்டர், ப்ரூம்ஃபீல்ட், ஜெஃபர்சன் ஆகிய 4 கவுண்டிகள் முழுவதும், ஆடம்ஸ், அரபாஹோ, டக்ளஸ், வெல்ட் ஆகிய 4 கவுண்டிகளில் சில பகுதிகளும் இதன் எல்லைக்குள் வருகின்றன. கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டம் போல நினைத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கவுண்டிகளிலும் ஒரே டிக்கெட் செல்லும் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். கவுண்டி எல்லையைத் தாண்டினால் கட்டணம் கூடுமோ என்று பயப்பட வேண்டாம்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லைக்குள் நூறு டாலருக்கு ஒரு குளிர் அங்கி வாங்கினால், அதன்மேல் நீங்கள் கட்டும் விற்பனை வரியில் ஒரு டாலர் இந்த அமைப்புக்குப் போகிறது. பஸ்ஸில் போவதை வசதியில்லாதவர்களின் காரியமாக நினைத்துக் கூச்சப்படுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாம் பணம் கட்டி நடக்கும் சேவை இது. இதன் 15 இயக்குநர்களும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். உங்கள் பகுதி இயக்குநர் யார் என்று பார்த்துவைப்பது நல்லது. ஒரு வழித்தடத்தைக் குறைக்கப் போகிறார்கள் என்றால் முதலில் எழுத வேண்டியது அவருக்கு.

ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ ஸ்ப்ரிங்ஸ் இரண்டும் இந்த எல்லைக்கு வெளியே. அங்கே போக மாநில அரசின் பஸ்டாங் என்ற தனிப் பேருந்து உண்டு. அதற்கு டிக்கெட்டும் தனி.

முதல் வேலை: பாஸ் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள்

டிக்கெட் வாங்கப் போகுமுன் இதைச் செய்யுங்கள். போல்டரில் உள்ள கொலராடோ பல்கலைக்கழக மாணவர் என்றால் உங்கள் அடையாள அட்டையிலேயே பஸ் பாஸ் அடங்கியிருக்கிறது. அதற்கான பணத்தைக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டீர்கள். வேறு சில கல்லூரிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. வேலையில் சேர்ந்தவர்கள் மனிதவளத் துறையிடம் "ஈகோபாஸ் தருகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பல நிறுவனங்கள் தருகின்றன, கேட்காதவர்களுக்குத் தெரிவதில்லை. போல்டரில் சில குடியிருப்புப் பகுதிகளே ஒன்று சேர்ந்து இந்தப் பாஸை வாங்கியிருக்கின்றன. அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு பருவம் முழுவதும் பஸ்ஸில் உள்ள கட்டண உண்டியலில் காசு போட்டுவந்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும். இதை முதலில் வைத்திருப்பது அதனால்தான்.

19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. பள்ளி அட்டையோ வயதைக் காட்டும் வேறு சான்றோ கையில் இருந்தால் போதும்.

கட்டணம்

2024 ஜனவரியில் கட்டண முறையை மிகவும் எளிமையாக்கினார்கள். அதற்கு முன் வந்தவர்கள் உள்ளூர் 3 டாலர், வட்டாரம் 5.25 டாலர் என்று பழைய கணக்கைச் சொல்வார்கள், அதை விட்டுவிடுங்கள். இப்போது 2.75 டாலருக்கு 3 மணி நேர டிக்கெட். அந்த மூன்று மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும், போன வழியே திரும்பி வந்தாலும் அதே டிக்கெட்தான். நாள் முழுவதும் சுற்ற 5.50 டாலர். மாதப் பாஸ் 88 டாலர். விமான நிலையத்துக்கு மட்டும் தனியாக 10 டாலர் நாள் டிக்கெட்.

65 வயதைக் கடந்தவர்களுக்கும், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கும், வருமானம் குறைவு என்று விண்ணப்பித்துத் தகுதி பெற்றவர்களுக்கும் சலுகைக் கட்டணம்: 3 மணி நேரத்துக்கு 1.35 டாலர், நாள் முழுவதும் 2.70 டாலர், மாதத்துக்கு 27 டாலர். இந்த 2.70 டாலர் டிக்கெட் விமான நிலையத்துக்கும் செல்லும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு 65 ஆகியிருந்தால், வயதைக் காட்டும் சான்றைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அடிக்கடி போகிறவர்கள் மைரைட் அட்டையோ செயலியோ வைத்துக்கொள்வது நல்லது. பணம் போட்டுவைத்து, ஏறும்போது கருவியில் காட்டினால் போதும். ஒரு நாளில் 5.50 டாலருக்கு மேலும் ஒரு மாதத்தில் 88 டாலருக்கு மேலும் அது பிடிக்காது. மாதப் பாஸை முன்கூட்டியே வாங்கலாமா வேண்டாமா என்று கணக்குப் போட வேண்டியதில்லை. 32 முறை பயணம் செய்தபின் அந்த மாதத்துக்கு மீதி எல்லாம் இலவசம்.

காசு கொடுத்துப் போவதானால் சரியான சில்லறை வேண்டும். கண்டக்டர் கிடையாது, டிரைவர் மீதி தரமாட்டார். உண்டியலில் ஐந்து டாலர் தாளைப் போட்டால் ஐந்தும் போனதுதான். அம்மாவுக்கு 1.35 டாலர் என்பதால் ஒரு டாலர் தாள், ஒரு குவார்ட்டர் (25 சென்ட் நாணயம்), ஒரு டைம் (10 சென்ட் நாணயம்) என்று மூன்றையும் ஒரு சிறிய காகிதத்தில் மடித்து, அப்படிப் பத்து மடிப்புகளைச் சுருக்குப்பையில் வைத்திருக்கிறார். இங்கே பத்து சென்ட் நாணயம் ஐந்து சென்ட் நாணயத்தைவிடச் சிறியது. புதிதாக வந்தவர்கள் பெரிதைப் பத்து என்று நினைத்து எடுத்துக்கொடுப்பார்கள். வீட்டிலேயே எண்ணி மடித்துவிட்டால், பின்னால் வரிசை நிற்கும்போது படபடப்பு இராது. காசு போட்டதும் டிரைவரிடம் காகிதச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால்தான் அடுத்த பஸ்ஸில் செல்லும்.

ரயிலுக்கு முறை வேறு. மேடையில் உள்ள இயந்திரத்தில் டிக்கெட் வாங்கிவிட்டு ஏற வேண்டும், வண்டிக்குள் வாங்க முடியாது.

பஸ்ஸின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

டென்வர் நகருக்குள் இது சுலபம். கிழக்கு மேற்காகப் போகும் அவென்யூக்களுக்கு எண்கள் உண்டு. அந்த எண்ணையே சில பஸ்களுக்கும் வைத்திருக்கிறார்கள். 38-ஆம் எண் பஸ் 38-ஆவது அவென்யூவில், 44 என்றால் 44-ஆவது அவென்யூவில். புகழ்பெற்ற கோல்ஃபாக்ஸ் அவென்யூ 15-ஆவது அவென்யூவின் இடத்தில் இருப்பதால் அங்கே ஓடுவது 15. பிராட்வேயில் ஓடுவது 0. கோல்ஃபாக்ஸில் பஸ்ஸுக்குத் தனிப்பாதை போடும் பணி 2024 அக்டோபரில் தொடங்கியது. அந்தப் பகுதிக்குப் போகும்போது நிறுத்தம் இடம் மாறியிருக்கிறதா என்று அன்றன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்டரில் சில பஸ்களுக்கு எண்ணுக்குப் பதில் பெயர். பிராட்வே சாலையில் ஸ்கிப், லூயிவில், லாஃபயெட் ஊர்களுக்கு டாஷ், அரபாஹோ சாலையில் ஜம்ப். குழந்தைகள் இந்தப் பெயர்களைப் பெரியவர்களுக்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

போல்டரையும் டென்வரையும் இணைப்பது ஃபிளாட்டைரன் ஃப்ளையர். யு.எஸ்.36 நெடுஞ்சாலையில் 2016 ஜனவரியிலிருந்து ஓடுகிறது. பலகையில் எஃப்.எஃப். என்று போட்டு அதன்பின் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணைக் கவனியுங்கள். எஃப்.எஃப்.1 வழியில் உள்ள எல்லா நிலையங்களிலும் நின்று டென்வர் யூனியன் ஸ்டேஷன் போகும். எஃப்.எஃப்.5 அரோராவில் உள்ள ஆன்ஷுட்ஸ் மருத்துவ வளாகத்துக்குப் போகும். இரண்டெழுத்தை மட்டும் பார்த்து ஏறினால் வேறு ஊரில் போய் இறங்குவீர்கள். நெரிசல் நேரத்தில் இந்த பஸ் சாலையின் ஓரப்பட்டையில் ஏறி, நின்றுகொண்டிருக்கும் கார்களைத் தாண்டிப் போக அனுமதி உண்டு. அதில் உட்கார்ந்து ஒருமுறை போய்விட்டால் காரை எடுக்க மனம் வராது.

அட்டவணை

திங்கள் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று அட்டவணைகள். முக்கிய விடுமுறை நாட்களில் ஞாயிறு அட்டவணைப்படி ஓடும். நன்றி தெரிவிக்கும் நாள், கிறிஸ்துமஸ் போன்ற நாட்களில் இதை மறந்தவர்கள் குளிரில் ஒரு மணி நேரம் நிற்பார்கள். அட்டவணையில் எல்லா நிறுத்தங்களும் இருக்காது, முக்கியமானவை மட்டும் இருக்கும். உங்கள் நிறுத்தம் இரண்டு பெயர்களுக்கு நடுவில் வருகிறது என்றால், முன்னால் உள்ள இடத்தின் நேரத்துக்கே போய் நில்லுங்கள்.

ஒவ்வொரு நிறுத்தப் பலகையிலும் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கும். அதை ஆர்.டி.டி.யின் நெக்ஸ்ட் ரைட் பக்கத்தில் போட்டால் அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று தெரியும். வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தின் எண்ணைக் கைபேசியில் சேமித்துவையுங்கள்.

இங்கே நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. வீடு பார்க்கும்போது, பக்கத்தில் பஸ் நிறுத்தம் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தப் பலகைக்குப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வருகிறதா, மணிக்கு ஒன்று வருகிறதா, ஞாயிற்றுக்கிழமை வருகிறதா, இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்ற நான்கையும் பாருங்கள். வழித்தட வரைபடத்தில் அடிக்கடி வரும் பஸ்ஸின் கோடும் மணிக்கு ஒன்று வரும் பஸ்ஸின் கோடும் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் வாழ்க்கை வேறு வேறு. ஒரு மணிக்கு ஒன்று வரும் இடத்தில் ஒரு பஸ் தவறினால் ஒரு நேர்காணல் தவறும், ஒரு வகுப்பு தவறும். நூறு டாலர் வாடகை கூடினாலும் அடிக்கடி பஸ் வரும் தெருவில் குடியிருப்பது லாபம் என்பேன்.

நிறுத்தத்தில் நிற்பதும் ஏறுவதும்

யு.எஸ்.36-இல் உள்ள நிலையங்கள் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் தனித்தனியாக இருக்கும். டென்வர் போகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பக்கம், போல்டர் போக மேற்கு நோக்கிச் செல்லும் பக்கம். அம்மாவைத் தனியாக அனுப்பிய முதல் நாள், எண்ணைச் சொல்லிக்கொடுத்த நான் பக்கத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். மெக்காஸ்லின் நிலையத்தில் அவர் டென்வர் பக்கத்தில் நின்றார். எஃப்.எஃப்.1 வந்தது, கதவு திறந்தது, காசு மடிப்பைக் கையில் பிடித்தபடி "போல்டர்?" என்று கேட்டிருக்கிறார். டிரைவர் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அவர் கடந்து போவதற்குள் போல்டர் பஸ் போய்விட்டது. காற்று முகத்தில் அடிக்க, லாரிகள் இரைந்து போகும் அந்த மேடையில் தனியாக நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். நூலகம் போனபின்தான் எனக்குப் போன் செய்தார். நான் பதறினேன், அவர் பதறவில்லை. ஆகவே பெரியவர்களை முதன்முறை அனுப்பும்போது, எண், பக்கம், பலகையில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். திரும்பி வருவதற்கும் தனியாக எழுதுங்கள். நேரில் ஒருமுறை கூடவே போய்வந்துவிட்டால் இன்னும் நல்லது.

நிறுத்தப் பலகைக்குப் பக்கத்தில், டிரைவர் கண்ணில் படும்படி நில்லுங்கள். தள்ளி மரநிழலில் நின்றால் ஏறும் எண்ணமில்லை என்று நினைத்துப் போய்விடுவார். இருட்டில் கைபேசி விளக்கைக் கொஞ்சம் அசைத்துக் காட்டலாம். இறங்குபவர்களுக்கு வழிவிட்டு முன்வாசலில் ஏறுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கேட்டால் டிரைவர் பஸ்ஸின் படியைத் தாழ்த்துவார், சக்கர நாற்காலிக்குச் சாய்வுப் பலகையும் உண்டு. முன்வரிசை இருக்கைகள் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரியவை.

உங்கள் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தம் தாண்டியதும் ஜன்னலோரக் கயிற்றை இழுங்கள். இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது இந்த ஊர் வழக்கம். பின்வாசலில் இறங்குபவர்கள்கூடக் குரல் கொடுத்துச் சொல்வார்கள். அம்மா இரண்டாம் நாளே கற்றுக்கொண்டது இது.

சைக்கிள் வைத்திருப்பவர்கள் பஸ்ஸின் முன்னால் உள்ள தாங்கியில் மாட்டலாம். பெரும்பாலும் இரண்டுக்குத்தான் இடம். நெடுந்தூர பஸ்களில் கீழே சாமான் அறையிலும் வைக்கலாம்.

யூனியன் ஸ்டேஷனும் விமான நிலையமும்

டென்வர் யூனியன் ஸ்டேஷனில் பஸ் நிலையம் தரைக்குக் கீழே இருக்கிறது. 2014-இல் திறந்த அந்த நீண்ட மண்டபத்தின் சுவரெல்லாம் மஞ்சள் ஓடு, இரு பக்கமும் 22 வாசல்கள். வாசல் எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முன் காத்திருக்க வேண்டும். புதியவர்கள் குழம்புவது ரயிலில். விமான நிலைய ரயில் பழைய கட்டடத்தின் பின்புறம் வெள்ளைக் கூரையின் கீழே நிற்கும். இலகு ரயில் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. இரண்டையும் இணைப்பது இந்த பஸ் மண்டபம்தான். பனி பெய்யும் நாளில் மேலே நடக்காமல் இதன் வழியாகவே போய்விடலாம். இரவு வெகுநேரமானால் ஆட்கள் இருக்கும் இடத்தில் நில்லுங்கள். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் தெரிவிக்க டிரான்சிட் வாட்ச் என்ற செயலி இருக்கிறது, அதை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்திலிருந்து வருபவர்கள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு கட்டடத்தின் தெற்குக் கோடிக்கு, ஹோட்டல் இருக்கும் பக்கம் போக வேண்டும். அங்கிருந்து நகரும் படிக்கட்டில் கீழே இறங்கினால் ரயிலும் பஸ்ஸும். டென்வர் போக ஏ லைன் ரயில், 37 நிமிடப் பயணம். போல்டர் பக்கம் போக ஏ.பி.1 பஸ். இரண்டு பெரிய பெட்டிகளோடு வருபவர்களுக்கு நான் சொல்வது ஏ.பி.1-தான், ஏனென்றால் பெட்டிகள் கீழே சாமான் அறையில் போய்விடும், டென்வரில் இறங்கி மாறவும் வேண்டியதில்லை. ஆனால் இடைவெளி அதிகம், விமானம் தரையிறங்கியதுமே நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.

பஸ் வராத தெருவில் இருந்தால்

சில புறநகர்ப் பகுதிகளில் ஃப்ளெக்ஸ்ரைட் என்ற சிறிய பஸ் உண்டு. குறிப்பிட்ட வட்டத்துக்குள் நீங்கள் சொல்லும் இடத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு, சொல்லும் இடத்தில் விடும். முன்பதிவு செய்ய வேண்டும், கட்டணம் சாதாரண பஸ்ஸுக்கு உள்ளதே. உடல்நிலை காரணமாக சாதாரண பஸ்ஸில் ஏறவே முடியாதவர்களுக்கு ஆக்சஸ்-எ-ரைட் என்ற தனிச் சேவை இருக்கிறது. அதற்கு முதலில் விண்ணப்பித்துத் தகுதி பெற வேண்டும்.

குளிர்காலத்தில் பனியைத் தள்ளிச் சாலையோரம் குவித்திருப்பார்கள். அந்தக் குவியலின்மேல் ஏறி நிற்காதீர்கள், வழுக்கினால் சாலைப் பக்கம்தான் விழுவீர்கள். பல நிறுத்தங்களில் கூரை கிடையாது. டென்வரே 5,280 அடி உயரத்தில் இருப்பதால் வெயில் காலத்தில் தொண்டை சீக்கிரம் வறண்டுவிடும், தண்ணீர்ப் புட்டி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

முதலில் எங்கே போவது

அம்மா போகும் வழியையே சொல்கிறேன். டவுன்டவுன் போல்டர் ஸ்டேஷன் 14-ஆவது தெருவும் வால்நட் தெருவும் சேரும் இடத்தில். இறங்கிக் கொஞ்சம் வடக்கே நடந்தால் கார்கள் நுழையாத பேர்ல் தெருக் கடைவீதி. தெற்கே வந்தால் 13-ஆவது தெருவில் சனிக்கிழமை உழவர் சந்தை, அதன் பக்கத்தில் தஜிகிஸ்தானின் துஷான்பே நகர மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய தேநீர் விடுதி. ஓடையோரமாகவே மேற்கே நடந்தால் நூலகம். பத்து மணி பஸ்ஸில் போய், இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு மூன்று மணி நேரத்துக்குள் திரும்ப பஸ் ஏறினால் போக வர எல்லாம் அதே 1.35 டாலர். நூலகத்தில் நாற்காலிகளுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும் ஓர் இடம் இருக்கிறது என்று அம்மா சொல்வார். ஊரில் காவிரியில் தண்ணீர் வந்துவிட்டதா என்று என்னை விசாரிப்பதும் அந்த நாட்களில்தான்.

கொஞ்சம் பழகியபின் அதே நிலையத்திலிருந்து என்.பி. பஸ்ஸில் நெடர்லாந்துக்குப் போய்வாருங்கள். மலையிடுக்கில் ஆற்றை ஒட்டியே ஏறி, 8,200 அடிக்கு மேல் உள்ள சிற்றூரில் கொண்டுபோய் விடும். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குள் நடக்கத் தொடங்க வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று முறை, ஜனவரியிலும் கோடையின் தொடக்கத்திலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கிலும் நேரங்கள் மாறும். சுவரில் ஒட்டிய பழைய அட்டவணையை அப்போது எடுத்துவிடுங்கள். சென்ற முறை நேரம் மாறியபோது நான் புதிதாக எழுதித் தருவதற்கு முன்பே, அம்மா தன் சுருக்குப்பையில் இருந்த தாளில் பழைய நேரத்தை அடித்துவிட்டு, புதியதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.